இரண்டு மாதச் சுல்தானும் இழிகுலப் பழியும்

டில்லிச் சுல்தான்களின் வரலாற்றைக் கூறும் கைந்நூல்களைப் புரட்டுவோர், கில்ஜி வமிசத்தின் இறுதிப் பக்கத்திலே ஒரு மனிதனைச் சந்திப்பர். அவனுக்கு அங்கே அரைப் பந்திதான் இடம். இழிகுலத்திற் பிறந்தவன், அடிமையாக வந்தவன், தன்னை உயர்த்திய சுல்தானை 1320ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வஞ்சகமாகக் கொன்றவன், இரண்டு மாதம் அரியணையிலிருந்து மார்க்கத்தைப் பழித்தவன், செப்டெம்பரில் தலை வெட்டுண்டவன். இத்துடன் கில்ஜி வமிசம் முடிந்தது, துக்ளக் வமிசம் தொடங்கியது என்று கூறிவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்துக்குச் செல்வார். 'இழிகுலம்' என்ற சொல்லை மாணவன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வான். பரீட்சையில் அச்சொல்லுக்கும் ஒரு புள்ளி கிடைக்கும்.

அந்தச் சொல்லைப் பற்றியதே இக்கட்டுரை.

குஸ்ரு கான் என்ற அம்மனிதனை உத்தமனாக்குவது எமது நோக்கமன்று. அவன் கொலைசெய்தான் என்பதில் ஐயமில்லை. நாம் கேட்பது வேறு. கொலைகாரர் நிறைந்த ஒரு வமிசத்தின் கதையிலே, இவன் ஒருவனுடைய குற்றத்துக்கு மட்டும் இவனுடைய பிறப்பு ஏன் காரணமாகக் காட்டப்படுகின்றது? அவ்வாறு காட்டியவர் யார்? அவர் யாருடைய நலனுக்காக எழுதினார்? அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய சொல்லைக் கேள்வியின்றி நாம் ஏன் சுமந்து வருகின்றோம்?

முதலில் அந்த வமிசத்தைப் பார்ப்போம். அலாவுத்தீன் கில்ஜி 1296இல் அரியணை ஏறிய முறை எல்லாரும் அறிந்ததே. தனக்குப் பெண் கொடுத்த சிற்றப்பனும் அப்போதைய சுல்தானுமான ஜலாலுத்தீனைக் கடா என்னுமிடத்துக்கு வரவழைத்து, தழுவிக்கொள்ள வந்த முதியவரைக் கங்கைக் கரையிலே வெட்டுவித்தான். அதன்பின் இருபது ஆண்டுகள் ஆண்டான். உழவனின் விளைச்சலிற் பாதி அரசுக்கு இறையாகியது. அங்காடியில் தானியத்துக்கும் துணிக்கும் குதிரைக்கும் விலை கட்டப்பட்டது. ஆண்டுக்கு 234 தங்கா சம்பளத்தில் பெருஞ் சேனையொன்று வளர்க்கப்பட்டது. கிராமத்தின் உழைப்பைக் கசக்கிப் பிழிந்து கட்டப்பட்ட இந்த அமைப்பு, ஒரு கொடுங்கரத்தின் பிடியில் மட்டுமே நிற்கக்கூடியதாயிருந்தது. 1316 சனவரியில் அக்கரம் சாய்ந்தது.

பின்னர் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். படைத்தலைவன் மலிக் காபூர் ஒரு குழந்தையை அரியணையில் இருத்தித் தானே ஆண்டான். ஏறக்குறைய ஐந்து வாரத்தில் அரண்மனைக் காவலர் அவனைக் கொன்றனர். அலாவுத்தீனின் மகன் முபாரக் அக்குழந்தைக்குப் பாதுகாவலனாக வந்தான். சில வாரங்களில் அக்குழந்தையின் கண்களைப் பிடுங்குவித்துத் தானே குத்புத்தீன் முபாரக் ஷாவாக முடி சூடினான். தகப்பனின் கடுஞ் சட்டங்களைத் தளர்த்தினான், சிறைகளைத் திறந்துவிட்டான், விலைக் கட்டுப்பாடு கலைந்தது. மக்கள் சற்றே மூச்சு விட்டனர் என்பது உண்மை. ஆயினும் 1318இல், ஏற்கெனவே குருடாக்கப்பட்டுக் குவாலியர்க் கோட்டையிற் கிடந்த தன் சகோதரர்களை ஆளனுப்பிக் கொல்வித்தவனும் அவனே. டில்லிச் சுல்தான்கள் பக்தாதின் கலீபாவைத் தலைவராகக் கொண்டாடிய மரபை உதறித் தன்னையே கலீபா என்று அழைத்துக்கொண்டவனும் அவனே.

இவர்களில் எவனுடைய கொலைக்கும் அவனுடைய குலத்தைக் காரணமாகக் காட்டுவாரில்லை. சிற்றப்பனைக் கொன்றவன் 'பேராசை கொண்டவன்'. தம்பியின் கண்ணைப் பிடுங்கியவன் 'இன்பத்தில் மூழ்கியவன்'. அவை தனிமனிதரின் குணக்கேடுகள். குஸ்ரு கான் கொன்றபோது மட்டும் குலம் கொன்றதாகிவிட்டது!

யார் இந்தக் குஸ்ரு கான்? 1305இல் டில்லிச் சேனை மாளவத்தை வென்றபோது பிடிபட்டவர்களில் ஒருவன். பராது அல்லது பர்வாரி என்று நூல்கள் கூறும் குசராத்துச் சமூகமொன்றைச் சேர்ந்தவன். போரிற் பிடிபட்டவன் அடிமை. அடிமைக்குச் சொந்தப் பெயர் இல்லை. ஹசன் என்ற பெயரும், மார்க்கமும், எசமானும் அவனுக்கு வழங்கப்பட்டன. அரண்மனை அதிகாரியான மலிக் ஷாதியின் வீட்டில் வளர்ந்தான். பின்னர் முபாரக்கின் கண்ணிற் பட்டான். சுல்தானின் இச்சைக்கு அவனுடைய உடலும் உட்பட்டிருந்தது என்பதை அரசவை வரலாற்றாசிரியர்களே மறைக்கவில்லை. அதனை அவர்கள் அவனுடைய இழிவாக எழுதினர். வாங்கவும் விற்கவும்படும் ஒருவனுக்கு மறுக்கும் உரிமை எங்கிருந்து வரும் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

சுல்தான் அவனுக்குக் குஸ்ரு கான் என்ற பட்டத்தை அளித்தான். மாண்டுபோன மலிக் காபூரின் நிலங்களையும் படையையும் அளித்தான். ஈற்றில் அமைச்சர் பதவியையும் அளித்தான். தென்னாட்டுப் படையெடுப்பில் வாரங்கல் அரசனிடமிருந்து திறை பெற்றுவந்தான். பின்னர், அராபியர் மஃபர் என்றழைத்த தமிழ்க் கரையோரத்துக்கும் படையுடன் வந்தான். பாண்டிய நாட்டின் துறைமுகச் செல்வத்தை அவனது சேனை சூறையாடியது. முஸ்லிம் வணிகன் ஒருவனுடைய பொருளும் அதில் தப்பவில்லை. தமிழ் மக்களாகிய நாம் இவனை நேசிப்பதற்கு எக்காரணமும் இல்லை என்பதை இங்கே சொல்லிவைப்பது நேர்மை. அவன் டில்லியின் வாளாக வந்தான்; வாள் செய்வதைச் செய்தான்.

1320 யூலை 9ஆந் தேதி இரவு, 'ஆயிரந்தூண்' அரண்மனையில், அவனுடைய ஆட்கள் முபாரக்கைக் கொன்றனர். எச்சரிக்கை செய்த முதிய காஸியும் கொல்லப்பட்டார். அலாவுத்தீனின் எஞ்சிய புதல்வர்களிற் சிலர் உயிரையும் சிலர் கண்களையும் இழந்தனர். மறுநாள் குஸ்ரு கான் நாஸிருத்தீன் என்ற பட்டப் பெயருடன் முடி சூடினான்.

இவ்விடத்தில் ஆசிரிய நண்பர்கள் சற்று நிற்கவேண்டும். அன்று பிரபுக்கள் என்ன செய்தனர்? இரவோடிரவாக அரண்மனைக்கு அழைத்துவரப்பட்ட அவர்கள் விடிந்ததும் புதிய சுல்தானுக்குத் தலை வணங்கினர். நிர்ப்பந்தம் என்பர். முதல் நாள் நிர்ப்பந்தம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த வாரங்களுக்கு என்ன பெயர் வைப்பது? முல்தானியரான ஐனுல் முல்க் 'ஆலம் கான்' என்ற பட்டத்தை ஏற்றார். வஹீதுத்தீன் குறைஷி 'தாஜுல் முல்க்' என்ற பட்டத்தை ஏற்று அமைச்சராயிருந்தார். பிற்காலத்தில் முகம்மது பின் துக்ளக் என்று பெயர்பெறப்போகும் இளைஞன் பக்ருத்தீன் ஜௌனாவும் குதிரை இலாயத்தின் தலைமைப் பதவியில் இருந்தான். குலப்பெருமை பேசியவர்கள் எல்லாரும் 'குலமற்றவன்' நீட்டிய பட்டத்தையும் பணத்தையும் இரு கையாலும் வாங்கினர். பள்ளிவாசல்களில் அவன் பெயராற் குத்பா ஓதப்பட்டது. நாணயங்கள் அவனுடைய இஸ்லாமியப் பட்டத்துடன் வெளிவந்தன.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? எல்லைப்புறத்துத் தீபால்பூரில் இருந்த தளபதி காஸி மலிக்கிடமிருந்து வந்தது. மகன் ஜௌனா டில்லியிலிருந்து தப்பியோடித் தந்தையை அடைந்ததும், அவன் அயல் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினான். மார்க்கத்துக்கு ஆபத்து, எழுந்து வாருங்கள் என்பதே அதன் சாரம். அம்முழக்கத்தைக் கேட்டு முஸ்லிம் ஆளுநர்கள் திரண்டெழுந்தனரா? உச்சு நகரத்துப் பஹ்ராம் ஐபா உடன் வந்தான். முல்தானின் ஆளுநன் மறுத்தான். சாமானாவின் ஆளுநன் மறுத்ததோடு காஸி மலிக்கை எதிர்த்துப் படையும் நடத்தினான். ஐனுல் முல்க் எப்பக்கம் காற்று வீசும் என்று பார்த்திருந்தார். பெரும்பாலோருக்கு மார்க்கத்தின் ஆபத்தைவிடத் தம் பதவியின் ஆபத்தே முன்னின்றது.

படைகளையும் பாருங்கள். குஸ்ரு கானின் சேனையில் இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்து நின்றனர். காஸி மலிக்கின் பக்கத்திலோ பஞ்சாபின் கொக்கர் குலத்தவர், தம் இந்துத் தலைவர்களின் கீழ், முன்னணியிற் போரிட்டனர். இரண்டு மதங்கள் அங்கே மோதவில்லை. சிதைந்துகொண்டிருந்த ஓர் அரசின் கருவூலத்துக்காகவும் நிலத்திறைக்காகவும் இரண்டு படைக் கூட்டங்கள் மோதின. வெற்றிபெற்ற கூட்டம் தன் வெற்றிக்கு மதத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டது. அவ்வளவே.

குஸ்ரு கான் கருவூலத்தைத் திறந்து, படைவீரருக்குப் பல ஆண்டுச் சம்பளத்தை முன்பணமாகக் கொட்டினான். பணம் வாங்கியவர்கள் போரிடவில்லை. போருக்கு முன்னரே ஐனுல் முல்க் தன் படையுடன் மாளவத்துக்குப் புறப்பட்டுவிட்டார். செப்டெம்பர் முதல் வாரத்தில், டில்லிக்கருகே லஹ்ராவத் வெளியில் யாவும் முடிந்தன. ஓடிய சுல்தான், தன்னைச் சிறுவனாக வளர்த்த மலிக் ஷாதியின் தோட்டத்திலே ஒளிந்தான். நம் இலங்கைக்கும் 1344இல் வந்துசென்ற யாத்திரிகர் இப்னு பதூதா, டில்லியில் தாம் கேட்ட கதையொன்றை எழுதியுள்ளார். பசி பொறுக்காத அம்மனிதன், தோட்டக்காரனிடம் தன் மோதிரத்தைக் கொடுத்து உணவு வாங்கிவரச் சொன்னான். மோதிரம் அவனைக் காட்டிக்கொடுத்தது. முபாரக் கொல்லப்பட்ட இடத்திலேயே அவனும் தலை வெட்டப்பட்டான். காஸி மலிக், கியாஸுத்தீன் துக்ளக் ஆனான்.

இனி, எழுதியவர்களிடம் வருவோம்.

அமீர் குஸ்ரு என்னும் மகாகவி—பெயர் ஒற்றுமையால் மயங்கவேண்டாம்—வெற்றிபெற்ற கியாஸுத்தீனைப் போற்றித் 'துக்ளக் நாமா' பாடினார். சில ஆண்டுகளுக்கு முன்னர் முபாரக்கைப் போற்றியும் அவரே காவியம் பாடியிருந்தார். அரியணைகள் மாறின, அரசவைக் கவியின் இருக்கை மாறவில்லை. வெற்றிபெற்றவன் அவையில் நின்று தோற்றவனைப் பற்றிப் பாடுவதை நீதிமன்றச் சாட்சியமாகக் கொள்ள முடியாது. ஆயினும் அக்கவிதானும் பராதுக்களைப் போர்த்தொழிலிற் பயின்றவர்களாக, அரசர்களுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவர்களாகவே காட்டுகின்றார். அப்படியானால் 'இழிகுலம்' எங்கிருந்து வந்தது?

அது ஸியாவுத்தீன் பரனியின் எழுதுகோலிலிருந்து வந்தது. பரனி பிரபுக்கள் வீட்டுப் பிள்ளை. சிற்றப்பன் அலாவுத்தீன் காலத்து டில்லி நகரக் காவலதிபதி. பரனியோ முகம்மது பின் துக்ளக்கின் அவையில் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் உடனுறைந்து உரையாடும் தோழராக வாழ்ந்தவர். 1351இல் அந்தச் சுல்தான் இறந்ததும் அவருடைய வாழ்வும் சரிந்தது. புதிய அரசின் சினத்துக்கு ஆளாகிச் சிலகாலம் தடுத்து வைக்கப்பட்டார். முதுமையில், வறுமையில், இழந்த பதவியை நினைந்து நினைந்து அவர் தம் வரலாற்றை 1357இல் முடித்தார். குஸ்ரு கான் மாண்டு 37 ஆண்டுகள் கழிந்தபின் எழுதிய பக்கங்கள் அவை.

பரனி வாசிக்கத் தகாதவர் என்று நாம் கூறவில்லை. அங்காடி விலைகளையும் நிலத்திறையையும் அவ்வளவு விரிவாக எழுதியவர் அக்காலத்தில் வேறெவருமில்லை. நாம் மேலே கூறியவற்றிற் பலவும் அவர் தந்தவையே. ஆனால் அவருக்கு ஒரு கோட்பாடு இருந்தது. அதை அவரே மறைக்காமல் 'பதாவா-இ-ஜஹாந்தாரி' என்ற நூலில் எழுதி வைத்தார். மனிதர் பிறக்கும்போதே உயர்ந்தோராகவும் தாழ்ந்தோராகவும் பிறக்கின்றனர். எழுத்தும் ஆட்சியும் சிலர் இரத்தத்திலும், நெசவும் சவரமும் வேறு சிலர் இரத்தத்திலும் படைப்பின்போதே இடப்பட்டன. தாழ்ந்தோரைப் பதவியில் ஏற்றினால் அரசு அழியும். இவ்வளவில் அவர் நிற்கவில்லை. தாழ்ந்தோர் பிள்ளைகளுக்குத் தொழுகை, நோன்பு முதலிய கடமைகளுக்கு வேண்டிய அளவுக்கு மேல் எதையும் கற்பிக்கலாகாது. எழுதவும் படிக்கவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாகாது. அவ்வாறு செய்யும் ஆசிரியர்களை அரசன் அடக்கவேண்டும் என்றும் விதித்தார்.

மனிதர் யாவரும் ஆதத்தின் மக்கள் என்று போதித்த மார்க்கத்தின் பெயரால் இது எழுதப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. பிரபுவின் குரல் எந்த மதத்தின் மொழியிலும் தன்னைப் பேசிக்கொள்ளும். மனுவின் பெயரால் நிற்கும் நூல் சூத்திரனுக்கு வேதத்தை மறுத்தது. பரனி நெசவாளியின் மகனுக்கு எழுத்தை மறுத்தார். மொழி வேறு, வர்க்கம் ஒன்று.

இக்கோட்பாட்டுக் கண்ணாடியை அணிந்தே பரனி குஸ்ரு கானைப் பார்த்தார். அவனை மட்டுமா? தம்மைப் போற்றி வளர்த்த முகம்மது பின் துக்ளக்கையும் அதே கண்ணாடியால் பார்த்துச் சினந்தார். கள் விற்பவன், தோட்டக்காரன், நாவிதன், சமையற்காரன் ஆகியோரின் இனத்தாருக்கு அந்தச் சுல்தான் பதவி கொடுத்துவிட்டான் என்பதை ஆறாத புண்ணாகச் சுமந்தார். அரசின் சிதைவுக்குக் காரணம் தேடிய அவருக்கு, பாதி விளைச்சலைப் பறிகொடுத்த உழவன் தென்படவில்லை. போரால் வீங்கிய சேனை தென்படவில்லை. பெரிய பதவியிலே சிறிய பிறப்பு என்ற ஒன்று மட்டுமே தென்பட்டது. குஸ்ரு கான் அவருடைய பாடத்துக்கு அகப்பட்ட சிறந்த உதாரணம்.

இக்கோட்பாடு எவ்வளவு பொய் என்பதை வெற்றிபெற்றவனின் கதையே காட்டும். கியாஸுத்தீன் துக்ளக் எங்கிருந்து வந்தான்? வறியவனாகச் சிந்து நாட்டுக்கு வந்து, ஒரு வணிகனிடம் குதிரை மேய்த்தவன் என்று இப்னு பதூதா எழுதுகின்றார். ஊர் ஊராய் அலைந்து பிழைப்புத் தேடியவன் என்றே அமீர் குஸ்ருவின் காவியமும் கூறுகின்றது. வென்றவனின் எளிய பிறப்பு அவனுடைய முயற்சிக்குச் சான்றாயிற்று. தோற்றவனின் எளிய பிறப்பு அவனுடைய குற்றத்துக்குச் சான்றாயிற்று. லஹ்ராவத்தில் போர் மாறி முடிந்திருந்தால், இச்சொற்களும் இடம் மாறியிருக்கும்.

மதநிந்தைக் குற்றச்சாட்டையும் இவ்வாறே எடைபோடவேண்டும். அரண்மனையில் சிலை வழிபாடு நடந்தது, திருமறை அவமதிக்கப்பட்டது, பசுக்கொலை தடுக்கப்பட்டது என்றெல்லாம் எழுதியுள்ளனர். எழுதியவர் அனைவரும் வெற்றிக்குப் பின் எழுதியோர். அவனுடைய பராது உறவினர் தம் பழைய வழிபாட்டை நடத்தியிருக்கலாம். ஆனால் இந்து இராச்சியத்தை நிறுவ வந்தவன் 'மார்க்கத்துக்கு உதவுபவன்' என்று பொருள்படும் நாஸிருத்தீன் என்ற பட்டத்தை ஏன் ஏற்கவேண்டும்? குத்பா ஏன் ஓதவேண்டும்? மகான் நிஸாமுத்தீன் அவுலியாவுக்குப் பெரும் பணம் ஏன் அனுப்பவேண்டும்? அந்த மகான் அதனைப் பெற்ற உடனேயே ஏழைகளுக்குப் பகிர்ந்துவிட்டார் என்றும், கியாஸுத்தீன் அப்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பொதுப்பணம் உரியவர்களைச் சேர்ந்துவிட்டது என்று பதிலளித்தார் என்றும் மரபு கூறும். 'மார்க்கத்தைக் காத்தவன்' ஏழையின் கைக்குப் போன காசைத் திருப்பிக் கேட்டான் என்ற செய்தியை எத்தனை கைந்நூல்கள் தருகின்றன?

விந்தை என்னவெனில், பரனியின் பொய்யை இருபதாம் நூற்றாண்டில் ஆவலுடன் தூக்கிக்கொண்டவர்கள் அவருடைய எதிரிகள் என்று சொல்லிக்கொள்வோரே. சாவர்க்கர் தம் வாழ்நாளின் இறுதியில் எழுதிய நூலிலே குஸ்ரு கானை இந்துப் பேரரசை மீட்ட மாவீரனாகக் கொண்டாடினார். பரனி வசையாகச் சொன்னதை அவர் வாழ்த்தாகச் சொன்னார், சாட்சியம் ஒன்றே. ஒருவர் 'துரோகி' என்றார், மற்றவர் 'வீரன்' என்றார். இருவருக்கும் அடிமைச் சந்தையிற் பெயரிழந்த சிறுவன் ஹசன் தேவைப்படவில்லை. இருவருக்கும் தேவைப்பட்டது ஒரு கொடிக்கம்பம். வகுப்புவாதிகள் ஒருவரையொருவர் எவ்வளவு ஏசினாலும், ஒருவர் வீட்டு அடுப்பில் மற்றவர் தீ எடுப்பதை வரலாறு பலமுறை கண்டுள்ளது.

எம்மிடையேயும் சிலர் வேறொரு தவறுக்கு ஆளாகின்றனர். ஒடுக்கப்பட்டவன் அரியணை ஏறினான், ஆகவே அது ஒரு புரட்சி என்று அவர்கள் எழுத முற்படுவர். இதுவும் பொய்யே. அந்த இரண்டு மாதத்தில் உழவனின் சுமையைக் குறைக்கவோ, அடிமைச் சந்தையை மூடவோ அவன் கைவைத்ததாக ஒரு செய்தியும் இல்லை. கருவூலம் படைவீரருக்கும் பிரபுக்களுக்கும் பெரியார்களுக்கும் சென்றது. அடிமை ஒருவன் ஆண்டானின் ஆசனத்தில் அமர்ந்தான். ஆசனம் அப்படியே இருந்தது. அதனாலேயே அவனுக்கென்று மடிய ஒரு கிராமமும் முன்வரவில்லை. பிரபுக்களை விலைக்கு வாங்கியவனை, அவர்கள் அடுத்த விலைக்கு விற்றனர். மக்களை நாடாத அதிகாரத்துக்கு இரண்டு மாதமும் நீண்ட காலமே.

அவ்வாறாயின் இவனைப் பற்றி ஏன் இவ்வளவு பேசவேண்டும்? இவனுக்காக அன்று, எமது வகுப்பறைக்காக. தாழ்ந்தோர் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியனைத் தண்டிக்கவேண்டும் என்று எழுதியவரின் தீர்ப்பை, எழுத்தறிவிப்பதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியன் கரும்பலகையில் எழுதுகின்றான். எழுத்தை மறுக்கும்படி விதிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்த பிள்ளை, அதைப் பார்த்து எழுதுகின்றது. 1930 அளவில் யாழ்ப்பாணப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற ஒழுங்கு வந்தபோது எழுந்த கூச்சலை அறிந்தவர்களுக்கு, பரனியின் குரல் அந்நியக் குரலன்று. வாங்கில் இடம் கொடுத்துவிட்டு, பாடநூலில் 'இழிகுலம்' என்று எழுதவைப்போமாயின் நாம் கொடுத்த இடம் பாதியே.

ஆகவே ஆசிரிய நண்பர்கள் அடுத்த முறை இப்பாடத்துக்கு வரும்போது அச்சொல்லை அழித்துவிட்டுப் போகவேண்டாம். அழித்தாற் குற்றம் மறையும், குற்றவாளியும் மறைவான். அதைப் பலகையில் எழுதுங்கள். அருகிலே எழுதியவரின் பெயரையும், எழுதிய ஆண்டையும், அவர் உண்ட உப்பு யாருடையது என்பதையும், கல்வி பற்றி அவர் விதித்ததையும் எழுதுங்கள். பின்னர் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையை எழுப்பி, இச்சாட்சியை நம்பலாமா என்று கேளுங்கள். அப்பிள்ளை சொல்லும் விடைக்குப் புள்ளி இடுங்கள்.